மணிக்கு ஒரு நலம்

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் மூன்று பொட்டலங்களைக் கண்ணாடி மேஜைமேல் பரப்பிவிட்டு, "பாத்து எடுங்க தங்கச்சி" என்று ஒதுங்கிக்கொண்டார். பார்த்து எடுக்கத்தான் அவள் ஒரு மணி நேரமாக அங்கே நின்றுகொண்டிருந்தாள். வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறை நாள். ஆறு நாள் எக்ஸ்ரே அறையில் நின்ற கால்கள் ஏழாம் நாளும் நின்றுகொண்டிருந்தன. கேட்க நாதியில்லாத கால்கள்.

அந்தக் கடைக்காரருக்கு 'டேட்டாஷீட்' என்று, பாகங்களோடு வருகிற விவரத் தாளின் பெயரே பட்டப்பெயர். ஒரு சாதாரண ரெசிஸ்டர் கேட்டால்கூட எதற்கு, எத்தனை வோல்ட், வெயிலில் வைப்பதா நிழலில் வைப்பதா என்று பூர்வோத்தரம் முழுக்க விசாரித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். அவளிடம் மட்டும் கொஞ்சம் குறைவாக விசாரிப்பார். ஏழெட்டு வருடமாக வருகிறவள். எக்ஸ்ரே எடுக்கிற நேரம் போக வீட்டில் சாலிடரிங் கோலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற பெட்டி, மாடிப்படியில் கால் வைத்தால் எரிகிற விளக்கு, குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால் திட்டுகிற மணி என்று வீடு முழுக்க அவள் கைவேலை. "அண்ணி வீட்டுல பல்புகூட பரீட்சை பாஸ் பண்ணினாதான் எரியும்" என்று நாத்தனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தத் தடவை அது விளையாட்டு இல்லை. அவள் வீட்டுக்காரர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்க்கிற ஆபரேட்டர். நிலையம் மலைக்கு அந்தப் பக்கம், நேர்கோடு போட்டால் ஆறரை கிலோமீட்டர். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை தன்னந்தனியாக அவர் ஒருத்தர்தான். செல்போன் அங்கே கடிகாரமாகத்தான் உதவும். மேஜையில் இருந்த தொலைபேசி செத்து இரண்டு வருடம் ஆகிறது, அதைப் பற்றி எழுதிய புகாரும் அதோடு போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, மோட்டாருக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். இரண்டு மணிக்கு விழுந்தவரை ஆறு மணிக்கு மாற்று ஆள் வந்து பார்த்தார். அந்த நான்கு மணி நேரமும் அவள் வேலை முடிந்து வந்து, மின்விசிறிக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பகல் தூக்கம் போயிற்று. ராத்திரித் தூக்கமும் பாதி போயிற்று. கண்ணை மூடினால் சிமெண்டுத் தரைதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு, வேலையை எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருங்க. இல்லன்னா நான் ஒரு பெட்டி செஞ்சு தர்றேன். மணிக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்தணும். நல்லா இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும்."

"மாட்டுக்கு மணி கட்டற மாதிரியா?" என்றார் அவர்.

"ஆமா. அந்த மாதிரிதான்."

முப்பது வருடம் பார்த்த வேலை, ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். அவர் பெட்டியைத் தேர்ந்துகொண்டார்.

அந்தப் பெட்டிக்குள் வைக்கத்தான் இப்போது ஒரு ரேடியோ வேண்டும். முதல் பொட்டலத்தில் இருந்தது மலிவு, வேகம், ஆனால் வீட்டுக்குள்ளேயே இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும் ரகம். அதை அவளே தள்ளி வைத்துவிட்டாள். இரண்டாவது, உள்ளங்கை அகலத்தில், தகர மூடி போட்டு, பார்க்கவே மிரட்டுகிற மாதிரி இருந்தது. உறையில் இருபது கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

"இதையே எடுத்துடட்டா அண்ணே? இருபதுன்னா ஆறரைக்குத் தாராளமா வருமே."

"அந்த இருபது கடல்மேல. நடுவுல ஒரு கொசுகூட பறக்கக் கூடாது. உங்களுக்கு நடுவுல மலையே நிக்குது."

"பவர் ஜாஸ்தியாச்சே. தாண்டாதா?"

"கொஞ்சம் தாண்டும். ஆனா பேட்டரியைக் குடிச்சுத் தீர்த்துடும். அடிக்கடி மாத்தணும். அங்க யாரு மாத்துவா?"

வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றச் சொல்லி அவரிடம் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அவள் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவதையும் தள்ளினாள்.

மூன்றாவது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. டேட்டாஷீட் அதைத் தன் கையாலேயே எடுத்துக் காட்டினார். "லோரான்னு சொல்லுவாங்க. இது கத்தாது. நிறுத்தி நிதானமா, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்துச் சொல்லும். இந்தப் பக்கம் கேக்கறது எவ்வளவு இரைச்சல்லயும் அதைப் பிரிச்சு எடுத்துடும். எவ்வளவு மெதுவா சொல்ல வைக்கறீங்களோ அவ்வளவு தூரம் போகும். ஆனா ஊர்க்கதை எல்லாம் பேச முடியாது. ஒண்ணு ரெண்டு வார்த்தைதான்."

"எனக்கு ஒரு வார்த்தை போதும்ணே."

"என்ன வார்த்தை?"

"நலம்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு ரேடியோ மாட்யூலைத் தனித்தனியாகச் சுற்றி, கையோடு இரண்டு ஆண்டெனாவும் வைத்தார். "ஆண்டெனா மாட்டாம மட்டும் ஓட விட்டுடாதீங்க. சத்தமில்லாம செத்துரும்" என்றார். இது தெரியாதா என்று அவள் மனசுக்குள் கொஞ்சம் முறைத்துக்கொண்டாள்.

தெரியும்தான். தெரிந்து என்ன பயன்? அந்த வாரம் கூட வேலை பார்க்கிற பெண் விடுப்பில் போய்விட, அவள் இரண்டு ஆள் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று ஒரே நாளில் எண்பது நெஞ்சுக்குச் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கண் பாதி சொருகிய நிலையில் பலகையில் மாட்யூலை ஒட்டி, புரோகிராமை ஏற்றி, ஓட விட்டாள். ஆண்டெனா தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் சமர்த்தாகப் படுத்திருந்தது. புகை வரவில்லை, பொறி பறக்கவில்லை. ஆனால் அது ஒன்றையும் அனுப்பவில்லை. புரோகிராமில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு சாயங்காலம் மண்டையை உடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கோப்பையை எடுக்கும்போதுதான் ஆண்டெனா கண்ணில் பட்டது. தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள், நிஜமாகவே.

டேட்டாஷீட் அவள் முகத்தைப் பார்த்ததுமே இன்னொன்றை எடுத்து வைத்துவிட்டார். "எல்லாரும் ஒண்ணைக் கொன்னுட்டுத்தான் கத்துக்கறாங்க" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, வியாபாரமாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் சோதனை. இங்கிருந்து கூப்பிட்டுப் பேச அங்கே செல்போன் எடுக்காது என்பதால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். பத்து மணிக்கு ஒன்றாம் வேகம், பத்தேகாலுக்கு இரண்டு, இப்படியே ஆறு வரைக்கும். எண் ஏற ஏற வேகம் குறையும். அவர் பம்ப் ஹவுஸ் கூரையில் பெட்டியோடு நிற்க வேண்டும், அவள் மொட்டைமாடியில் இன்னொரு பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து மணி போயிற்று, ஒன்றும் வரவில்லை. பத்தேகால், பத்தரை, ஒன்றும் இல்லை. பதினொன்று ஆனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அதை ஒரு தள்ளு தள்ளலாமா என்றிருந்தது. பதினொன்றேகாலுக்கு ஆறாம் வேகம், இருப்பதிலேயே மெதுவானது. திரையில் ஒரே ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. நலம். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மொட்டைமாடிப் பெட்டியை வீட்டு இணையத்தோடு இணைத்து, வருகிற நலம் அவள் செல்போனில் நொடிக்கணக்கோடு பதிவாகும்படி செய்தாள். மணி அடித்து கால் மணிக்குள் வராவிட்டால் போன் அலறும். முதல் இரண்டு நாள் ஒன்பது அடித்து நாலாவது நிமிஷத்தில் வந்தது, பத்து அடித்துப் பதினோராவது நிமிஷத்தில் வந்தது, பதினொன்று அடித்து இரண்டாவது நிமிஷத்தில் வந்தது. ஒவ்வொரு மணிக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாம் நாள் பத்து மணி நலம் வரவில்லை. போன் அலறியது. எக்ஸ்ரே மேஜையில் படுத்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு, போட்டிருந்த ஈய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், வாடகை வண்டி பிடித்து மலையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அவர் தண்ணீர் வருகிற வாய்க்காலில் இறங்கி, வலையில் அடைத்த சருகை அள்ளிக்கொண்டிருந்தார். கூட இரண்டு குழாய்த் தொழிலாளிகள். ஏப்ரனோடு வந்து மூச்சு வாங்கி நின்றவளைப் பார்த்து அவர்கள் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "போ, வேலையைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து ஒரு நலம்கூடத் தப்பவில்லை. மனுஷன் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தாள். மணி அடித்தால் போன் சிணுங்கும், அவ்வளவுதான், எடுத்துப் பார்க்கக்கூட வேண்டாம். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் தலையணையைத் தேடினாள். போனைக் காதருகில் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு அப்புறம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். "அண்ணி முகத்துல இப்பத்தான் களை வந்திருக்கு" என்றாள் நாத்தனார். அவளுக்கும் அது தெரிந்தது. எண்பது நெஞ்சு வந்தாலும் சமாளித்துவிடலாம் என்கிற தெம்பு வந்திருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மருந்துக் கடையில் மாற்று ஆளைப் பார்த்தாள். டாண் என்று ஆறு மணிக்கு வந்து நிற்பதால் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். மூன்று மாதம் முன்னால் இவள் புருஷனைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

"அண்ணி, அண்ணனை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எதுக்கு?"

அலாரத்தின் முகம் மாறிவிட்டது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட முகம். அவள் விடவில்லை.

"செவ்வாக்கிழமை நான் போனப்போ தரையில உக்காந்திருந்தாரு அண்ணி. சட்டை எல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. பேச்சு குழறுது. எப்பலேர்ந்துன்னு கேட்டேன், மூணு மணி இருக்கும்னாரு. சர்க்கரையைக் கரைச்சுக் குடுத்தேன், அரை மணியில சரியாயிட்டாரு. உங்ககிட்ட அவரே சொல்றேன்னாரே..."

அவள் கடை வாசலிலேயே போனைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு நலம். நான்கு மணிக்கு நலம். ஐந்து மணிக்கு நலம். தரையில் உட்கார்ந்து, நாக்கு குழறிக்கொண்டு எப்படிப் பொத்தானை அழுத்தினார்? அப்போதுதான் நொடிகளைப் பார்த்தாள். மூன்று அடித்து ஏழாவது நொடி. நான்கு அடித்து ஏழாவது நொடி. ஐந்து அடித்து ஏழாவது நொடி. மேலே தள்ளிப் பார்த்தாள், திங்கள், ஞாயிறு, அதற்கு முந்தின நாட்கள், எல்லா மணியும் ஏழாவது நொடி. மனுஷக் கை இப்படி அழுத்தாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, கனவுகூட வந்தது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் வைத்துக் கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவார். மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, கடைசி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பம்ப் ஹவுஸுக்குள் நுழைந்தாள். உள்ளே எண்ணெய் வாடை. மோட்டார் சத்தத்தில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தார்.

"என்ன, நலம் வரலையா?"

"வந்துச்சு. அதான் வந்தேன்."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவள் பெட்டியைத் தேடிப் போனாள். ஜன்னல் ஓரத்தில் அவள் வைக்கச் சொன்ன இடத்திலேயே இருந்தது. பொத்தானின் இரண்டு முனையிலிருந்தும் சிவப்பு ஒயர் கிளம்பி, சுவரோடு சுவராக, அழகாக ஆணி அடித்துக் கட்டப்பட்டு ஓடியது. தண்ணீரில் மருந்து கலக்கிற சின்ன மோட்டார் மணிக்கு ஒரு முறை ஓடுவதற்காக அங்கே ஒரு டைமர் உண்டு. ஒயர் அதில் போய் முடிந்தது. மேஜைமேல் ரீடிங் பதிவேடு திறந்து கிடந்தது. அழுத்தம், ஆம்பியர், மட்டம் எல்லாம் மாலை ஆறு மணி வரைக்கும் முத்து முத்தாக எழுதி முடித்திருந்தார். மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.

"இதுவும் இப்படித்தானா?" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். முப்பது வருஷமா ரீடிங் மாறினதே இல்ல." அவர் குரல் இறங்கியது. "காலையிலயே எழுதிட்டா நிம்மதி."

"நீங்க நல்லா இருக்கறதும் ரீடிங்கா? அதையும் மொத்தமா எழுதி வெச்சுட்டீங்களா?"

"கத்தாதே. நீ அன்னைக்கு அந்த ஏப்ரனோட வந்து நின்னியே, மூஞ்சியில ரத்தமே இல்ல. ஒரு தடவை மறந்ததுக்கே இப்படின்னா, நான் நாளைக்கும் மறப்பேன், நாளன்னைக்கும் மறப்பேன். மறக்கற ஆளுதானே நான்? அதான் மாட்டிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நீ வாயைப் பிளந்துக்கிட்டு தூங்கற. மூணு மாசத்துல மொதல் தடவையா நீ தூங்கிப் பாக்கறேன். அதுக்கப்புறம் எப்படிடி கழட்ட மனசு வரும்?"

அவளுக்கு அறையலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து டைமர் டக் என்றது. பெட்டியில் பச்சை விளக்கு மெதுவாக ஒரு முறை எரிந்து அணைந்தது. மலையைத் தாண்டி, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஒரு நலம் போயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எனக்கு நேரா சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். முழங்கால்மேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தபோது மோட்டார் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை, அவள் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"செவ்வாக்கிழமை அங்கதான் உக்காந்திருந்தேன், அந்தத் தூண்கிட்ட. எந்திரிக்க முடியல. நாலு மணிக்கு அது டக்குன்னுச்சு. நான் நல்லா இருக்கேன்னு உனக்குச் சொல்லிருச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒயரைப் பிடுங்கிட்டா போதும், நலம் வராது, நீ எப்படியும் ஓடி வந்துருவேன்னு தெரியும். அதுக்காகத் தவழ்ந்துகூட பாத்தேன். பாதி தூரம்தான் போக முடிஞ்சுது. அஞ்சு மணிக்கு மறுபடி டக்குன்னுச்சு." அவர் மூக்கை உறிஞ்சினார். "எனக்கு இங்க தனியா இருக்க பயமா இருக்குடி. ரொம்ப நாளா பயமா இருக்கு."

அவள் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினாள். ஆணியோடு சேர்த்து, சுவரில் காரை பெயர்ந்து விழ, முழு நீளத்தையும் பிடுங்கிச் சுருட்டி மூலையில் எறிந்தாள். பிறகு கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் திணித்து, முழுவதும் தின்கிற வரை முன்னாலேயே நின்றாள். தின்றுகொண்டே அழுதார். அவளும் அழுதாள். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கப்போவதில்லை என்பதால் இரண்டு பேரும் நன்றாகவே அழுதார்கள்.

"தாள் இருக்கா?" என்றார் அப்புறம்.

பதிவேட்டில் கிழிக்க முடியாது, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டது. அவள் பையில் கிடந்த எக்ஸ்ரே சீட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். இன்ஜினீயருக்கு என்று மேலே எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"காரணம்னு என்ன போட?"

"உள்ளதைப் போடுங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்து, வேலையை விட்டதற்கு அழுவார் என்று அவள் பயந்துகொண்டிருந்தபோது, பெஞ்சில் காலை நீட்டிப் படுத்து, அவள் மடியில் தலையை வைத்து, ஒரு நிமிஷத்துக்குள் தூங்கிவிட்டார். ஆறு மணிக்கு மாற்று ஆள் வருகிற வரை மோட்டாரை விட்டுவிட்டு நகர முடியாது. அவள் ஒரு கையை அவர் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.